கம்பிவடமும் காற்றுத் துளையும்

வீட்டுக் கொட்டகையில் மேசை செய்யலாம், நாற்காலி செய்யலாம். விமானம் செய்ய முடியுமா? முடியும்! அமெரிக்காவில் பல்லாயிரம் பேர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் என்பவர் வடிவமைத்த 'ஆர்.வி.' வகை விமானங்களில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டவை இப்படித் தனி மனிதர்களின் கையால் உருவாகிப் பறந்துள்ளன. உதிரிப் பாகங்களை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வேலையின் பெரும்பகுதியைச் சொந்தமாகச் செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

இறக்கை பொருத்தும் நாளில் அண்டை வீட்டார் எல்லோரும் வேடிக்கை பார்க்க வருவார்கள். ஆனால் யாரும் வேடிக்கை பார்க்காத இரண்டு சிறு வேலைகள் உண்டு. ஒன்று, கம்பிவடங்களை இழுத்துக் கட்டுவது. மற்றொன்று, காற்றுத் துளைகளை அமைப்பது. விமானியின் உயிர் இந்த இரண்டையும் நம்பியிருக்கிறது.

133 கம்பிகள் சேர்ந்த வடம்

உங்கள் சைக்கிளின் பிரேக்கைப் பாருங்கள். கைப்பிடியை அழுத்தினால் உறைக்குள் ஓடும் கம்பி சக்கரத்தின் அருகில் உள்ள கட்டையை இழுக்கிறது. சிறிய விமானத்திலும் இதே தத்துவந்தான். விமானி காலால் மிதியை அழுத்துகிறார். கம்பிவடம் வாலில் உள்ள சுக்கானை இழுக்கிறது. விமானத்தின் மூக்கு அந்தப் பக்கம் திரும்புகிறது.

வடத்தால் இழுக்க முடியும், தள்ள முடியாது. ஆகவே சுக்கானுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு வடங்கள் தேவை.

இவ்வகை வடம் ஒன்றின் குறுக்களவு சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதற்குள் 7 புரிகள். ஒவ்வொரு புரியிலும் 19 மெல்லிய எஃகுக் கம்பிகள். ஆக, 133 கம்பிகள்! இந்த வடம் ஏறத்தாழ 900 கிலோ எடையைத் தாங்கும். ஒரே தடித்த கம்பியாக இருந்தால் என்ன? வளைத்து வளைத்து நிமிர்த்தினால் தடித்த கம்பி விரைவில் முறிந்துவிடும். மெல்லிய கம்பிகள் நெடுநாள் வளைந்து கொடுக்கும்.

வடம் திசை மாற வேண்டிய இடத்தில், கிணற்றில் இருப்பது போன்ற கப்பி வேண்டும். சுமார் 3 பாகைக்குள் அடங்கும் சிறு வளைவுக்கு மட்டும் வழவழப்பான வழிகாட்டி வளையம் போதும். அதற்கு மேல் வளைத்தால் வடம் வளையத்தை அறுக்கும், தானும் தேயும். தேய்ந்த வடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பருத்தித் துணியை வடத்தின் மேல் வைத்து இழுக்க வேண்டும். அறுந்த கம்பி ஒன்று இருந்தாலும் துணி சிக்கிக்கொள்ளும்.

வெயிலும் குளிரும்

விமானத்தின் உடல் அலுமினியம், வடம் எஃகு. வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. 5 மீட்டர் நீளத்தைக் கணக்கிடுவோம். வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அலுமினியம் சுமார் 6 மி.மீ. சுருங்கும், எஃகு 3 மி.மீ. மட்டுமே சுருங்கும். வித்தியாசம் 3 மி.மீ. உடல் சுருங்கிய அளவுக்கு வடம் சுருங்காததால் தொய்ந்துவிடும். முனைகளுக்கு இடையே இறுக்கிக் கட்டிய வடமானால், கட்டும்போதே வெப்பநிலையைப் பார்த்து, அட்டவணைப்படி இறுக்கத்தை அமைக்க வேண்டும்.

இடம் வலமானால்?

1947 ஆகஸ்ட் 23. இங்கிலாந்தில் உட்ஃபோர்டு விமான நிலையத்திலிருந்து 'ஏவ்ரோ டியூடர்' விமானம் ஒன்று கிளம்பியது. தரையை விட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழுந்து நொறுங்கியது. இறந்தவர்களில் ஒருவர் ராய் சாட்விக். புகழ்பெற்ற 'லாங்காஸ்டர்' விமானத்தை வடிவமைத்த மேதை அவர்! காரணம் என்ன தெரியுமா? இறக்கை முனையில் உள்ள எய்லரான் தகடுகளின் இணைப்பு இடம் வலமாக மாறியிருந்தது. சாய்வை நிமிர்த்த விமானி செய்த முயற்சியே சாய்வை மேலும் கூட்டியது.

அதனால்தான் விமானிகள் ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்துப் பார்க்கிறார்கள். இடப்பக்கத் தகடு மேலே எழ வேண்டும்; வலப்பக்கத் தகடு கீழே இறங்க வேண்டும். 'அசைகிறதா' என்று பார்த்தால் போதாது. 'சரியான திசையில் அசைகிறதா' என்று பார்க்க வேண்டும்.

காற்று நுழைய ஒரு வழி

கண்ணாடிக் கூரைக்குக் கீழே அமர்ந்திருக்கும் விமானிக்கு வெயிலில் வியர்த்துக் கொட்டும். வெளியே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஓடுகிறது. அதைக் கொஞ்சம் உள்ளே அழைத்தால் என்ன?

குழாயை வெளியே நீட்டினால் காற்று புகும். ஆனால் அது விமானத்தின் வேகத்தைத் தடுக்கும். இதற்கு 1945-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விடை கண்டார்கள். 'நாசா'வின் முன்னோடியான 'நாக்கா' நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். விமானத்தின் பக்கவாட்டில் ஒரு பள்ளம். முன்பக்கம் குறுகி, பின்பக்கம் விரிந்து, மெல்லச் சரிந்து உள்ளே இறங்கும். அதன் கூர்மையான விளிம்புகளில் எழும் சுழல்கள் வேகமான காற்றை உள்ளே இழுத்துவிடுகின்றன. வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருப்பதில்லை.

ஆனால் நுழைவாயில் மட்டும் போதுமா? ஒரு புட்டியின் வாயில் புனலைக் களிமண்ணால் இறுக ஒட்டி, நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் இறங்காமல் நிற்கும். உள்ளே உள்ள காற்று வெளியேற வழியில்லை அல்லவா? அதுபோலவே விமானத்திலும் காற்று வெளியேற இன்னொரு துளை வேண்டும். வெளியே அழுத்தம் குறைந்த இடத்தில் அதை வைத்தால் அறைக் காற்றை அதுவே உறிஞ்சி எடுக்கும்.

வேண்டாத துளைகள்

இரு வேலைகளும் சந்திக்கும் இடம் இதுதான். எஞ்சினுக்குச் செல்லும் கட்டுப்பாட்டுக் கம்பி, எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் சுவரைத் துளைத்துச் செல்கிறது. அத்துளையைச் சுற்றி இடைவெளி இருந்தால் எஞ்சின் புகையும் உள்ளே வரலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது பற்றிக்கொள்ளும். விமானிக்கு முதலில் தலைவலி, பிறகு தூக்கக் கலக்கம், பிறகு மயக்கம். எனவே தீயைத் தாங்கும் பசையால் அந்த இடைவெளியை அடைக்கிறார்கள். வாயுவை உணர்ந்து எச்சரிக்கும் கருவியையும் பொருத்துகிறார்கள்.

காற்றுக் குழாயையும் கவனிக்க வேண்டும். அது கழன்று தொங்கினால் பக்கத்தில் ஓடும் சுக்கான் வடத்தில் சிக்கலாம். ஆகவே குழாயை உறுதியாகக் கட்டிய பிறகு, மிதியை முழுத் தூரம் அழுத்தி, எங்கும் உராயவில்லை என்று உறுதி செய்கிறார்கள்.

இன்று மாலை உங்கள் சைக்கிளின் பிரேக் கம்பியை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். உறை முடியும் இடத்தில் ஓர் இழை பிரிந்திருக்கிறதா? பிரிந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். விமானம் கட்டுபவரின் முதல் பாடமும் அதுவே!