'போதும்' என்று சொல்லும் பொறுப்பு

கல்லங்குறிச்சி, அரியலூர் நகரை அடுத்துள்ள ஊர். அப்பெயரைக் கேட்டதும் சிலருக்குக் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் நினைவுக்கு வருகிறது. சிலருக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்ட் ஆலைகளை நோக்கி விரையும் லாரிகளும் நினைவுக்கு வருகின்றன. நிலவியல் பயின்றோருக்கோ அது பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பாறை அடுக்கின் பெயர். கோயிலின் வரலாறு ஒரு பசுவைப் பற்றியது. சுரங்கம் எந்திரங்கள் உழைக்கும் இடம். பாறை அடுக்கு இயற்கையின் கைவேலை. எனவே மனிதன் இயற்கையோடும் விலங்கினங்களோடும் எந்திரங்களோடும் எவ்வாறு உறவு கொள்ள வேண்டும் என்னும் பெரிய வினாவை ஆராய நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. இந்த ஓர் ஊரைச் சுற்றிப் பார்த்தாலே போதும்.

கடல் விட்டுச் சென்ற செல்வம்

ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியில் ஆழமற்ற கடல் பரந்திருந்தது. அக்கடலில் எண்ணிறந்த சிப்பிகளும் சிற்றுயிர்களும் வாழ்ந்து மடிந்தன. அவற்றின் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, காலப்போக்கில் இறுகிக் கல்லாயின. கடல் பின்வாங்கியது, கல் எஞ்சியது. கிரைஃபியா, இனோசெராமஸ் முதலிய சிப்பி வகைகள் நிறைந்த அந்தச் சுண்ணாம்புக்கல் அடுக்கினையே நிலவியலார் கல்லங்குறிச்சியின் பெயரால் வழங்குகின்றனர்.

இந்த நிலப்பகுதியின் சிறப்பை உலகம் 19ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா என்னும் அறிஞர், தென்னிந்தியாவின் இத்தகைய தொல்லுயிர் எச்சங்களைப் பற்றிப் பெரும் நூல்தொகுதிகளை எழுதினார். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள, கல்லாகிய மரம் ஒன்று கிடக்கிறது. அதனை 1940ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அரியலூரை அடுத்த வாரணவாசியில் இவ்வெச்சங்களைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. பங்கு இளைஞரையும் மறைக்கல்வி மாணவரையும் ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்வது நன்று.

நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் வீட்டுச் சுவரில் உள்ள சிமெண்ட், ஒரு காலத்தில் உயிருள்ள சிப்பிகளின் உடலாக இருந்தது. அதை எந்த ஆலையும் படைக்கவில்லை. ஆலை அதனை எடுத்துச் சுட்டுப் பொடியாக்குகிறது, அவ்வளவே. உருவாகப் பல்லாயிரம் தலைமுறைகள் தேவைப்பட்ட ஒன்றை நாம் ஒரு தலைமுறையில் எடுத்துச் செலவிடுகின்றோம்.

மாடு காட்டிய அளவு

கல்லங்குறிச்சிக் கோயிலைப் பற்றி நம் இந்துச் சகோதரர்கள் கூறும் வரலாறு இது: மாடுகள் மிகுதியாக வைத்திருந்த ஒருவரின் சினைப்பசு காணாமற் போயிற்று. அவர் அதைத் தேடி அலைந்தார். இறுதியில் காட்டில் கிடந்த ஒரு கற்கம்பத்தின்மேல் அது பாலைச் சொரிந்து நிற்கக் கண்டார். அக்கம்பமே இன்று வழிபடப்படுகிறது. உழவர்கள் தம் விளைச்சலையும் கால்நடைகளையும் அங்குக் காணிக்கையாகக் கொண்டு வருகின்றனர். காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையை அறிந்த நமக்கு, அந்த மனிதரின் தேடல் அந்நியமானதன்று. மந்தையில் ஒன்று குறைந்தாலும் அதை அறிந்து வருந்துகின்ற உள்ளம் இம்மண்ணின் பழைய பண்பு.

மாட்டோடு வாழ்ந்த வாழ்வில் மனிதனுக்கு ஓர் அளவு இருந்தது. கவலையில் நீர் இறைத்த காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி ஏறி, கிணற்று நீரைத் தோற்சாலில் மேலே கொண்டு வந்தன. சில நாழிகை இறைத்தபின் மாடுகளுக்கு மூச்சு வாங்கும். அவற்றை அவிழ்த்து நிழலில் கட்டியாக வேண்டும். மாடு இளைப்பாறிய அந்த நேரத்தில் கிணறும் ஊறிற்று. மாட்டின் களைப்பே நிலத்தடி நீருக்குக் காவலாக நின்றது. வண்டிப் பயணத்திலும் அப்படியே. பாரம் மிகுந்தால் மாடு மண்டியிட்டுப் படுத்துவிடும். எத்தனை பேராசைக்காரனாயினும் அங்கே அவன் நின்றுதான் ஆக வேண்டும்.

ஆயினும் பழங்காலத்தைப் பொற்காலமென்று புகழ்வது உண்மைக்கு மாறாகும். தார்க்குச்சியின் குத்தும், நுகத்தடி அழுத்திப் புண்ணான கழுத்தும் அந்தக் காலத்தினவே. விடியற்காலையில் உலக்கை பிடித்து நெல் குற்றிய பெண்களின் கைகள் காய்த்துப் போயின. மின்விசைப் பம்பு மாட்டின் சுமையை இறக்கியது. அரிசி ஆலை தாய்மாரின் சுமையை இறக்கியது. அதற்காக நாம் நன்றி கூறத்தான் வேண்டும். எந்திரத்தைச் சபிப்பது நம் நோக்கமன்று.

எந்திரம் அறியாத சொல்

மாடு அறிந்த ஒரு சொல்லை எந்திரம் அறியாது. 'போதும்' என்பதே அச்சொல். ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாருக்கு மூச்சு வாங்குவதில்லை. மின்சாரம் உள்ளவரை அது இறைக்கும். நீர்மட்டம் இறங்கினால் இன்னும் ஆழத் தோண்டச் சொல்லும். லாரியின் எஞ்சின் ஓயாது. களைத்துக் கண் அயர்வது ஓட்டுநரே.

இம்மண்ணின் சுண்ணாம்புக்கல்லை நம்பி, கல்லக்குடியை அடுத்த டால்மியாபுரத்தில் 1939ஆம் ஆண்டில் சிமெண்ட் ஆலை எழுந்தது. அரியலூரில் தமிழக அரசின் சிமெண்ட் ஆலை 1979இல் தொடங்கியது. பின்னர்த் தனியார் ஆலைகள் பலவும் சுற்றுப்புறத்தில் தோன்றின. மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த பல குடும்பங்களுக்கு இவ்வாலைகள் மாத ஊதியம் தந்தன. பள்ளிகளும் மருத்துவமனைகளும் நம் ஆலயங்களும் சிமெண்டால் எழுந்தவையே. இந்நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது.

அதே நேர்மையோடு செலவுக் கணக்கையும் பார்ப்போம். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த கலவையைச் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகின்றனர். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். எஞ்சிய 44 கிலோ கரியமில வாயுவாக வானில் கலக்கும். சிப்பிகள் கடலிலிருந்து எடுத்துத் தம் ஓட்டில் பூட்டி வைத்த கரியை நாம் திறந்து விடுகின்றோம். சூளையை எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேலானது. மனிதர் உலகெங்கும் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்ட் தொழிலால் உண்டாவது என்று கணக்கிட்டுள்ளனர். பருவமழை தவறுவதும் பெய்தால் பேய்மழையாகப் பெய்வதுமான இன்றைய நிலைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சுரங்கத்தை ஒட்டி வாழ்வோர் படும் இன்னல் இன்னும் அண்மையானது. பயிரின் இலைமேலும் வீட்டுக் கூரைமேலும் புழுதி படிகிறது. மேய்ச்சல் நிலம் குழியாகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகளால் உயிரிழப்பு நேர்வதும், மக்கள் சாலையில் அமர்ந்து மறியல் செய்வதும் இம்மாவட்டத்தில் பலமுறை நிகழ்ந்துள்ளன.

மருதையாற்றில் நிகழ்ந்தது

எந்திரத்தின் குற்றத்துக்கு யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு அரியலூர் மண்ணிலேயே ஒரு விடை எழுதப்பட்டிருக்கிறது.

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலை, சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவு ரயில் அரியலூரைக் கடந்தது. கனமழையால் மருதையாறு பெருக்கெடுத்து, பாலத்தை அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகள் பலவும் வெள்ளத்தில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று ரயில்வே அமைச்சராயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. மழையைப் பெய்வித்தவர் அவரல்லர். ரயிலை ஓட்டியவரும் அவரல்லர். ஆயினும் தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார்.

ஆற்றின்மேல் குற்றம் சுமத்தியிருக்கலாம்; பாலத்தின்மேல் சுமத்தியிருக்கலாம். ஆறும் பாலமும் மறுமொழி கூறப் போவதில்லை. மனிதனால் மட்டுமே 'இதற்கு நான் பொறுப்பு' என்று கூற இயலும். எந்திரத்தின் வலிமை வளருந்தோறும் இப்பொறுப்பும் வளர வேண்டும். 'கம்பெனி பார்த்துக்கொள்ளும்', 'சர்க்கார் பார்த்துக்கொள்ளும்' என்று நாம் ஒதுங்கி நின்றால், கல்லங்குறிச்சியின் குழிகளுக்கு மறுமொழி கூற எவரும் இரார்.

மாட்டுக்கும் ஓய்வு, மண்ணுக்கும் ஓய்வு

இறைவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்தபோது, அதைப் பண்படுத்தும் பணியோடு காக்கும் பணியையும் அவனுக்குத் தந்ததாகத் தொடக்க நூல் உரைக்கிறது. முன்னதை நாம் எளிதில் ஏற்றுக்கொண்டோம், பின்னதை மறந்தோம். ஓய்வுநாள் கட்டளையில் மாட்டுக்கும் கழுதைக்கும் பங்கு உண்டு. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்பதும் இறைச்சட்டமே. ஏழாம் ஆண்டில் நிலத்தையும் தரிசாக விட்டு ஓய்வளிக்க வேண்டுமென்று லேவியர் நூல் விதிக்கிறது. இவையாவும் மனிதனின் ஆசைக்கு இடப்பட்ட வரம்புகள். விலங்குக்கும் மண்ணுக்கும் ஓய்வு அளிப்பவனே தானும் ஓய்வு பெறுவான் என்பது அவற்றின் உட்பொருள்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி 1981இல் விடுத்த சுற்றுமடலில், எந்திரம் மனிதனின் துணைவனாக இருக்கலாம், சில வேளைகளில் அவனுக்கு எதிரியாகவும் மாறலாம் என்று எச்சரித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' மடலில், பிற உயிர்கள் நம் பயனுக்காக மட்டும் உள்ளவையல்ல, இறைவன் திருமுன் அவற்றுக்கென்று தனி மதிப்பு உண்டு என்று தெளிவுபடுத்தினார்.

நாட்டின் சட்டமும் இத்திசையில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. சுரங்கப் பணி முடிந்தபின், அந்நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் தழைக்கத்தக்க நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று ஆணையிட்டது. மாட்டிடமிருந்து எடுத்த மேய்ச்சலை மாட்டுக்கே திருப்பித் தர வேண்டும் என்பதே இதன் சாரம்.

இயற்கைக்கு நாம் இடம் விட்டால் அது திரும்பி வரும் என்பதற்கு இதே மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி சான்றாகும். உழவர் பாசனத்துக்குப் பயன்படும் அந்த ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களான ராம்சார் தலங்களின் வரிசையில் சேர்ந்தது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் அங்குக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உழவும் பறவையும் ஒரே நீரைப் பகிர்ந்து வாழ்கின்றன.

நம் இல்லங்களும் பங்குகளும் செய்யத்தக்கவை

முதலாவதாக, வீடு கட்டுவோர் தேவையை அளந்து கட்டுக. அண்டை வீட்டாரை விஞ்ச வேண்டுமென்று கடன் வாங்கிக் கட்டும் ஒவ்வோர் அறையும் எங்கோ ஒரு குழியை ஆழமாக்குகிறது. முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசி மழைநீரைத் தெருவுக்குத் துரத்துவதைத் தவிர்ப்போம். ஆலய வளாகத்திலும் மண்ணுக்கும் மரத்துக்கும் இடம் விடுவோம்.

இரண்டாவதாக, லாரி வைத்திருப்போரும் ஓட்டுவோரும் நம் பங்குகளில் உள்ளனர். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஓட்டுநர் உறக்கத்தை மறந்து விரைவார். உரிமையாளர் ஓய்வுக்கும் சேர்த்து ஊதியம் தருவது நீதி. மாட்டுக்கு இறைவன் அளித்த ஓய்வு, மனிதனுக்கு மறுக்கப்படலாகாது.

மூன்றாவதாக, சுரங்கத்துக்காக நடைபெறும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கும் கிராமசபைக்கும் தவறாது செல்வோம். பணி முடிந்த குழிகளுக்கு வேலி உண்டா, அங்கு மரமும் புல்லும் வளர்க்கப்படுகின்றனவா எனப் பணிவோடும் உறுதியோடும் கேட்போம். சுரங்கக் குத்தகையாளர் செலுத்தும் தொகையைக் கொண்டு, பாதிக்கப்பட்ட ஊர்களின் நலனுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்க 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. அந்நிதி குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் கல்விக்கும் பயன்படுகிறதா என்று வினவுவது குடிமக்களின் உரிமை. பிற சமயத்தாரோடு சேர்ந்து கேட்பின் அக்குரலுக்கு வலிமை மிகும்.

நான்காவதாக, வீட்டுக்குள் இருக்கும் எந்திரத்தையும் மறவோம். கைப்பேசிக்கும் களைப்பில்லை. இரவு உணவிலும் குடும்பச் செபத்திலும் அதை அணைத்து வைக்கும் தந்தை, எந்திரத்துக்குப் 'போதும்' என்று சொல்லும் முதற்பாடத்தைத் தம் மக்களுக்குக் கற்பிக்கிறார். அப்பாடத்தைக் கற்ற பிள்ளைகளே நாளை ஆலையிலும் அலுவலகத்திலும் அமர்ந்து, எவ்வளவு தோண்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யப் போகின்றனர்.