வார்னிஷுக்கு ஆகாத காற்று

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையைக் காணச் செல்வோர், பெரும்பாலும் குதிரை லாய வளாகத்தில்தான் தேநீர் அருந்துகிறார்கள். நானும் அருந்தினேன். மாளிகையின் ஓவியங்கள் இன்று அரைகுறையாகவே நினைவில் இருக்கின்றன; லாயம் மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை.

நான்காம் டெவன்ஷயர் கோமகனுக்காக ஜேம்ஸ் பெயின் என்னும் கட்டடக் கலைஞர் 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுப்பியது அது. பக்கத்துக்குச் சுமார் 190 அடி கொண்ட சதுரம், நடுவே முற்றம், இரண்டு தளங்கள், 80 குதிரைகளுக்கு இடம். மேட்டில் நிற்பதால், புதிதாக வருபவர் அதையே மாளிகை என்று எண்ணினாலும் வியப்பில்லை. பிரான்ஸின் ஷான்டியி லாயமோ 186 மீட்டர் நீளமுடையது. அதைக் கட்டுவித்த பூர்போன் கோமகன், மறுபிறவியில் தாம் குதிரையாகப் பிறப்போம் என்று நம்பினாராம். கதைதான், ஆனால், கட்டடத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

இந்த ஆடம்பரத்துக்குக் காரணம் எளியது. விருந்தினர் குதிரை வண்டியில்தான் வந்தார்கள்; வீட்டுக்காரரின் செல்வத்தைக் குதிரைகளைக் கொண்டும் அளந்தார்கள். ஆனால், முகப்பைக் கடந்து உள்ளே சென்றால், அழகைவிடக் கணக்கே கட்டடத்தை ஆள்வது தெரியும். குதிரை மிரளாதிருக்கச் சன்னல்கள் உயரத்தில் அமைந்தன. சிறுநீர் வடியத் தரை சரிவாக இருந்தது. கால் வழுக்காதிருக்கக் கற்களில் வரிப்பள்ளம் வெட்டினார்கள். கூரையில் எழும் சிறு கோபுரம் பல இடங்களில் அலங்காரத்துக்கு மட்டுமன்று, வெப்பக்காற்று வெளியேறவும்தான்.

சாரட்டு வண்டிகளுக்குத் தனிக் கூடம். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, வண்டியின் வார்னிஷையும் தோலையும் கெடுத்துவிடும். எனவே, இரண்டுக்கும் இடையே சுவர் வேண்டும் என்றார்கள். பழைய வழக்கப்படி கொட்டிலுக்கு நேர் மேலே உலர்புல்லைச் சேமித்தால் தீவனம் நாற்றமேறிக் கெடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நூலாசிரியர்கள் எச்சரித்தார்கள். வண்டிக்கும் புல்லுக்கும் ஆகாத அந்தக் காற்றுக்கு மேலேதான், பல லாயங்களில் குதிரைக்காரர்கள் உறங்கினார்கள். குளிர்காலத்தில் கீழிருந்து வரும் வெப்பம் அவர்களுக்கு உதவியிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலும் மேல்தளத்தில் தானியக் களஞ்சியங்களும் பணியாளர் அறைகளும் இருந்தன. கடைசிக் குதிரைகள் 1939-இல் வெளியேறின; பின்னர் அது கிடங்காகவும் மோட்டார் கொட்டகையாகவும் இருந்து, இன்று உணவகமும் கடைகளுமாக வாழ்கிறது. இந்த மாற்றத்தை நான் குறை கூற மாட்டேன். பயனற்ற கட்டடத்தை எவரும் பழுதுபார்ப்பதில்லை. கிளம்பர் பூங்காவில் மாளிகையே 1938-இல் இடிக்கப்பட்டது, லாயம் எஞ்சியது.

ஆனால், இத்தகைய மாற்றங்களில் முகப்புக்கும் கடிகாரக் கோபுரத்துக்கும் கிடைக்கும் மதிப்பு உள்ளமைப்புக்கு எளிதில் கிடைப்பதில்லை. கொட்டில் தடுப்புகள், தீவனத் தொட்டிகள், வடிகால்கள், மாடி அறைகள் ஆகியனவே முதலில் அகற்றப்படுபவை. உழைத்தவர்களின் வாழ்க்கை பதிந்திருப்பது அவற்றில்தான். பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு லாயத்திலும் ஒரு கொட்டிலும் அதன் மேலுள்ள ஓர் அறையுமாவது அப்படியே விடப்பட வேண்டும் என்பது என் கருத்து.

சாட்ஸ்வொர்த்தில் ஓர் அறைக் கதவில் 'மூன்றாம் போஸ்டிலியன்' என்ற எழுத்துகள் எஞ்சியிருப்பதாக அக்குடும்பத்துக் கோமகள் டெபரா குறிப்பிட்டிருக்கிறார். போஸ்டிலியன் என்பவர், வண்டியை இழுக்கும் குதிரைகளுள் ஒன்றின் மீதே அமர்ந்து செலுத்துபவர். கதவில் அவருடைய பெயர் இல்லை. பதவியும் வரிசை எண்ணும் மட்டுமே உள்ளன.