கிளினிக்குக்கு முன்பே தொடங்கும் கர்ப்பம்

கர்ப்பிணித் தாயைப் பதியும்போது குடும்பநல உத்தியோகத்தர் கேட்கும் சில கேள்விகள் பலருக்கு எரிச்சலைத் தரும். எதுவரை படித்தீர்கள்? முதற்பிள்ளைக்கு எத்தனை வயது? கணவர் சொந்தமா? அம்மாவுக்குச் சீனி வருத்தம் உண்டா? யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலும் இவற்றைத் துருவல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளை நிறை குறைந்து பிறக்குமா, பிரசவம் சிக்கலாகுமா என்பதை முன்கூட்டி ஊகிக்க உதவுபவை இந்தப் பதில்கள்தான். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898இலேயே பக்கத்து இணுவிலில் மருத்துவமனை கண்ட பகுதி இது. பிரசவத்தை வைத்தியசாலையில் பார்க்கப் பழகிவிட்டோம். பிரசவத்துக்கு முந்திய வாழ்க்கையைப் பார்க்கத்தான் இன்னும் பழகவில்லை.

முதல் 28 நாள்

கரு உருவாகி 28 நாளுக்குள் பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் மூடிவிடும். சத்தி வந்து, சோதித்து, கிளினிக்குக்குப் போவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். ஆகவே நாளுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலத்தைக் கருத்தரிக்க முன்பே தொடங்க வேண்டும். கலியாணம் முடிந்த கையோடு குடும்பநல உத்தியோகத்தரைச் சந்திப்பது நல்லது.

மெலிவும் பருமனும்

2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறப்பதே நிறை குறைந்த பிறப்பு. மெலிந்த தாய், இரத்தசோகை உள்ள தாய், இருபது வயதுக்கு உட்பட்ட தாய், முதற்பிள்ளைக்கு இரண்டு வயதாகுமுன் மறுபடி கருவுற்ற தாய் ஆகியோருக்கு இந்த ஆபத்துக் கூடும். உடற்திணிவுச் சுட்டி 18.5க்குக் கீழே இருந்தவர் கர்ப்பகாலத்தில் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும்; 25க்கு மேல், 30க்குள் இருந்தவருக்கு 7 முதல் 11.5 கிலோ போதும். 'இரண்டு பேருக்குச் சாப்பிடு பிள்ளை' என்ற அம்மம்மாவின் அன்பு, பருமனான பேத்திக்குச் சீனி வருத்தமாக முடியலாம். அப்படியான தாயின் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிறக்கக்கூடும். பிறந்தவுடன் அதன் இரத்தத்தில் சீனி இறங்கவும் கூடும்.

இரும்புக் குளிசை விழுங்கிய கையோடு தேத்தண்ணி வேண்டாம். அதன் சாயம் இரும்பை உடலில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். கல்சியம் குளிசைக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

செம்மண்ணும் கிணறும்

கோப்பாய்க்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் போடும் யூரியா, செம்மண்ணைக் கடந்து சுண்ணக்கல் வழியே நைத்திரேற்றாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இப்பகுதிக் கிணறுகள் சில அதைத் தாண்டியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பெரியவர்கள் ஓரளவு தாங்குவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை தாங்காது. அதன் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய், உதடு நீலம் பாரிக்கும். இதில் பலரும் தவறவிடும் செய்தி ஒன்று: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றோ நீர் வற்ற வற்றச் செறியும். தாய்ப்பாலில் இந்தத் தொல்லை இல்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற அறிவுரைக்குக் கோப்பாயில் இது மேலதிகக் காரணம். பால்மா கரைத்தே ஆகவேண்டுமென்றால், பிள்ளை பிறக்குமுன் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தோடு ஒட்டிய கிணறென்றால் கட்டாயம்.