இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?

கணினியில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவப் பெரும்பாலும் சில நிமிடங்களே போதும். அதை வேறு யாரோ முன்பே சமைத்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கிப் பிரிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வீட்டிலேயே சமைப்பவர்களும் இருக்கிறார்கள். மனிதர் எழுதிய மூல நிரலை, புரோசசர் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றுவதைத் ‘தொகுத்தல்’ என்கிறோம். அதைச் செய்யும் மென்பொருள்தான் தொகுப்பி, அதாவது கம்பைலர். ஜென்டூ லினக்ஸ் இயங்குதளம் இந்த வழக்கத்துக்குப் பெயர் பெற்றது. தங்கள் கணினிக்கு ஏற்றபடி, தேவையான வசதிகளை மட்டும் சேர்த்து மென்பொருளை உருவாக்கிக்கொள்ளலாம் என்பது அதன் கவர்ச்சி.

அதற்கு விலை நேரம். உங்கள் இணைய உலாவியில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டு, அதற்கான திருத்தம் வெளியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குரோமியம் போன்ற பெரிய உலாவியைத் தொகுக்க, சாதாரண மடிக்கணினிக்குப் பல மணி நேரம் ஆகலாம். அது முடியும்வரை ஓட்டையுள்ள பழைய உலாவிதான் உங்கள் கையில். இன்றிரவு தொடங்கினால் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் முடியுமா?

திரையில் தெரியும் எண்

நிஞ்சா போன்ற தொகுப்புக் கருவிகள், மொத்தப் படிகள் எத்தனை, முடிந்தவை எத்தனை என்று காட்டிக்கொண்டே இருக்கும். 20,000 படிகளில் 10,000 முடிந்தால் பாதி நேரம் கழிந்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் எல்லாப் படிகளும் சமமல்ல. சி மொழியில் எழுதிய சிறிய கோப்பு ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். அதே நீளமுள்ள சி பிளஸ் பிளஸ் கோப்பு, பல கோப்புகளைத் தன்னுள் இழுத்துக்கொண்டு ஒரு நிமிடம் ஓடலாம். கடைசியில் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கோக்கும் ‘இணைப்பு’ வேலை வருகிறது. கணக்கில் அது ஒரே படி. நினைவகத்தையோ அள்ளிக் குடிக்கும். 99 விழுக்காட்டில் திரை அசையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிரலின் வரிகளை எண்ணிப் பார்த்தாலும் பயனில்லை. லினக்ஸ் கருநிரலில் 3 கோடிக்கும் மேற்பட்ட வரிகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி பல்வகைச் சாதனங்களுக்கான இயக்கிகள். நீங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டுமே தொகுக்கப்படும்.

ஒரு சோறு பதம்

கணினிக்குக் கணினி வேகம் மாறும்போது, பொதுவான நேரம் ஒன்றை எப்படிச் சொல்வது? லினக்ஸ் இயங்குதளத்தை அடியிலிருந்து கட்டக் கற்றுத்தரும் ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்’ நூல் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. அதில் முதலில் தொகுக்கப்படும் மென்பொருள் பின்யூட்டில்ஸ். அதை முதல் முறை தொகுக்க உங்கள் கணினி எடுக்கும் நேரமே ஓர் அலகு. மற்றவை எல்லாம் அந்த அலகில்தான் சொல்லப்படுகின்றன.

உங்கள் கணினிக்கு ஓர் அலகு 2 நிமிடம் என்றால், 5 அலகு மென்பொருளுக்கு 10 நிமிடம். பழைய கணினியில் ஓர் அலகு 6 நிமிடம் என்றால், அதே வேலைக்கு அரை மணி நேரம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போலத்தான்.

ஆனால் பதம் பார்த்த அடுப்பும் சமைக்கும் அடுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜிசிசி தொகுப்பியை அந்த நூலின் அண்மைப் பதிப்புகளில் முதல் முறை தொகுக்க மூன்று அலகுக்குச் சற்று அதிகம் ஆகிறது. பின்னர் சோதனைகளோடு தொகுக்கும்போது 40 அலகைத் தாண்டுகிறது. மென்பொருள் ஒன்றுதான், சோதனைகளே நேரத்தை விழுங்குகின்றன.

கோர்கள் கூடினால் போதுமா?

புரோசசரில் 8 கோர்கள் இருந்தால் வேலை 8 மடங்கு வேகமாகுமா? ஆகாது. இதன் காரணத்தைக் கணினி வல்லுநர் ஜீன் அம்டால் 1967-இல் எடுத்துரைத்தார். ஒரு கோரில் 100 நிமிடம் ஆகும் வேலையில், பிரித்துச் செய்ய முடியாத பகுதி 10 நிமிடம் என்போம். மீதி 90 நிமிடத்தை 8 கோர்கள் பங்கிட்டால் ஏறத்தாழ 11 நிமிடம். மொத்தம் 21 நிமிடம். ஆயிரம் கோர்கள் இருந்தாலும் அந்த 10 நிமிடத்துக்குக் கீழே இறங்க முடியாது.

நினைவகமும் கணக்கில் வரும். ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு தொகுப்பு வேலைக்கும் 2 ஜிபி ரேம் ஒதுக்குங்கள் என்பது ஜென்டூவின் அறிவுரை. 8 ஜிபி உள்ள கணினியில் 16 வேலைகளை ஏவினால், கணினி நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையே அலைந்தே களைத்துவிடும். 4 வேலைகளோடு நிறுத்துவதே வேகம். நம் ஊர் வெயிலில், காற்றோட்டமில்லாத அறையில் மடிக்கணினி சூடேறினால், புரோசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நேற்றைய கணக்கே நாளைய சாட்சி

எல்லாவற்றையும் விட நம்பகமானது உங்கள் கணினியின் சொந்த வரலாறு. எந்த மென்பொருளை எப்போது தொடங்கி எப்போது முடித்தது என்பதை ஜென்டூ குறித்து வைக்கிறது. ஜென்லாப் என்ற கருவி அந்தப் பதிவேட்டைப் படித்து, முன்பு எடுத்த நேரத்தைக் கொண்டு இப்போதைய வேலையை மதிப்பிடும். சென்ற முறை படம் பார்த்துக்கொண்டே தொகுத்திருந்தால், அந்தத் தாமதமும் பதிவேட்டில் இருக்கும். புதிய பதிப்பு பெருத்திருந்தால் மதிப்பீடு குறைவாகவே வரும்.

ஆகவே சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். முன்பு ஆன மிக நீண்ட நேரத்தை எடுத்து, அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நேரம் உங்களிடம் இருந்தால் தொடங்குங்கள். இல்லையென்றால், அவசரத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஜென்டூவே 2023 டிசம்பர் இறுதி முதல் பல மென்பொருள்களைத் தயார் நிலையிலும் வழங்குகிறது. இன்றிரவு ஓட்டையை அடைத்துவிட்டு, வார இறுதியில் நிதானமாகச் சமைத்துக்கொள்ளலாம்.