பால் குறையுதா? முதல்ல கொட்டகையைப் பாருங்க!

கத்திரி வெயில் வந்தாலே கலப்பின மாடு வளர்ப்பவர்களிடம் ஒரே புலம்பல்: "தீவனத்தை மாத்தலை, பால் மட்டும் குறையுது!"

மாடு வாயைத் திறந்து மூச்சிரைக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா? அது வெப்ப அயற்சி. நார்த்தீவனம் செரிக்கும்போது வயிற்றுக்குள்ளேயே சூடு பிறக்கும். அதனால்தான் வெயிலில் மாடு தீனியைக் குறைக்கிறது; பால் குறைகிறது. வைக்கோல், சோளத்தட்டையை அதிகாலையிலும் இரவிலும் போடுங்கள். தகரக் கூரை மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும். கறவை மாடு கோடையில் ஒரு நாளைக்கு 80 லிட்டர் குடித்தாலும் ஆச்சர்யமில்லை.

பலர் கோட்டை விடுவது தண்ணீர் தெளிப்பதில்தான். காற்றோட்டமில்லாத கொட்டகையில் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். உடம்பு நன்றாக நனைய ஊற்றி, மின்விசிறி போட்டால் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். காங்கேயத்துக்கு இவ்வளவு சவரட்சணை தேவைப்படாது. ஜெர்ஸிக் கலப்புக்கு வேண்டும். அப்படியும் மூச்சிரைப்பு அடங்கவில்லையா? உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.