அக்காவை யார் கேட்டார்கள்?



"புருஷனுக்குக் கிட்னி கொடுத்து உயிரைக் காப்பாத்திட்டா, உத்தமி!" என்று என் அக்காவை ஊரே மெச்சுகிறது. எனக்கும் பெருமைதான். ஆனாலும் ஒரு விஷயம் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. எழுதினால் நாலு பேருக்கு உபயோகப்படுமே என்று எழுதுகிறேன்.

அத்தானுக்கு 44 வயது. பிரஷரைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிஸிஸ். "நெருங்கிய சொந்தத்தில் யாராவது கிட்னி கொடுத்தால் நல்லது" என்றார் டாக்டர்.

அத்தானுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. ரத்த குரூப்பும் ஒன்றுதான். ஆனால் அக்காவின் மாமியார், "அவனுங்க சம்பாதிக்கிறவனுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா குடும்பம் என்னாகும்?" என்று சொல்லிவிட்டார். உடனே எல்லார் கண்ணும் அக்கா பக்கம் திரும்பியது. "நீ கொடுக்கிறியாம்மா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "உனக்கு எப்போ டெஸ்ட்?" என்றுதான் கேட்டார்கள்.

இதற்கிடையில் ஒரு புரோக்கர் வந்து, "பணம் கொடுத்தா ஆள் இருக்கு, சொந்தம்னு பேப்பர் ரெடி பண்ணிடலாம்" என்றான். அக்கா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். "எவளோ ஒருத்தி, கடனுக்காக வயித்தைக் கீறிக்கிட்டு வருவா. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்" என்றாள்.

அவள் சொன்னது எவ்வளவு சரி! உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1994லேயே சட்டம் வந்துவிட்டது. அப்புறமும் நின்றபாடில்லை. 2001ல் சென்னையில், கிட்னி விற்ற 305 பேரிடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள். 100க்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருக்கிறார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு அப்போதும் கடன் தீரவில்லை. குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. "ஏன் உங்கள் கணவர் விற்கவில்லை?" என்று கேட்டதற்கு, "அவர்தான் சம்பாதிக்கிறார்", "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று பல பெண்கள் சொன்னார்களாம். அக்காவின் மாமியார் சொன்ன அதே காரணம்! 2025ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளிகளிடம் கிட்னி வாங்கிய விவகாரம் வெளியே வந்தபோது எனக்கு அக்கா பேச்சுதான் ஞாபகம் வந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் கமிட்டி விசாரணை. கல்யாண போட்டோ, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் கொண்டு போனோம். அக்காவைத் தனியாக உட்கார வைத்து, "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா? இஷ்டமில்லேன்னா சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார் ஒரு டாக்டரம்மா. "இஷ்டப்பட்டுத்தான் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்த அக்கா, வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். "பயமா இருக்காக்கா?" என்றேன். "இல்லடி. இத்தனை நாள்ல என்னைக் கேட்டது அந்த அம்மா ஒருத்திதான்" என்றாள்.

ஆபரேஷன் செலவில் பெரும்பகுதியை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டது. ஆனால் ஊர்விட்டு ஊர் வந்து எடுத்த ரூம் வாடகை, டெஸ்ட், போக்குவரத்து என்று அக்காவின் ஆறு பவுன் சங்கிலி போயிற்று. அத்தான் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். ஒரு வேளை தவறினாலும் வினைதான். அவரை எல்லாரும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். கொடுத்தவளையோ, "கனமானது தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தும், இருபதாம் நாளே தண்ணீர்க் குடம் தூக்க வைத்துவிட்டார்கள். ஒரு கிட்னியோடு நன்றாக வாழலாம்தான். ஆனால் வருஷா வருஷம் பிரஷர், யூரின், கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அத்தானுக்குச் செக்கப் தேதி காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறது. அக்காவுக்கு இல்லை. போன மாசம் நானே போய் வட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

நம் நாட்டில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். பெற்றுக்கொள்பவர்களில் ஆண்களே அதிகம். அன்பால் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. கேட்டுவிட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். "முடியாது" என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள் நிறையக் கிடைத்தால், வீட்டுப் பெண்களை இப்படி நெருக்க வேண்டியதே இல்லை. 2008ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்களே, அதைக் கேட்டு அழாதவர்கள் உண்டா? 2023 முதல் தமிழ்நாட்டில் இப்படி உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் உண்டு. கார்டில் கையெழுத்துப் போட்டு வைத்தால் மட்டும் போதாது. கடைசியில் சம்மதம் சொல்ல வேண்டியது குடும்பம்தான். அதனால் உயிரோடு இருக்கும்போதே வீட்டில் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டோம்.

மாமியார்மார்களே, மைத்துனர்களே! உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிலை வந்தால், மருமகளை டெஸ்டுக்கு அனுப்பும் முன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் கொடுக்கத்தான் போகிறாள். ஆனால் அழாமல் கொடுப்பாள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்.