தரையிறங்கும் வேளையிற் சொல்லப்படாத சொல்

வானொலிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இடையில் ஒரு சொல் காதில் விழாமற் போனால் நட்டம் அதிகமில்லை. முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டு பொருளை ஊகித்துக்கொள்ளலாம். அதே வானொலியை நம்பித் தரையிறங்கும் விமானமோட்டிக்கோ அந்த ஊகமே ஆபத்தாய் முடிதல் கூடும்.

விமானம் நிலையத்தை நெருங்குகையில் எவ்வளவு உயரத்துக்கு இறங்குவது, எத்திசைக்குத் திரும்புவது, எந்த ஓடுபாதையை அடைவது என்பனவற்றைத் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர் வானொலி மூலம் அறிவிப்பார். அறிவித்ததை விமானமோட்டி திருப்பிச் சொல்லவேண்டும். அதனைக் கட்டுப்பாட்டாளர் கூர்ந்து கேட்டுப் பிழையிருப்பின் உடனே திருத்தவேண்டும். ஒரே அலைவரிசையிற் பல விமானங்கள் பேசக் காத்திருக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்மூடியிருத்தல் அவசியம். இருவர் ஒருங்கே பேசினாற் கீச்சென்ற இரைச்சலே மிஞ்சும். இவ்வளவும் விமானமோட்டியின் கையும் கண்ணும் ஒரு கணமும் ஓயாதிருக்கும் வேளையில் நடைபெறுகின்றன.

பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்வது. அம்மொழியில் இரண்டு என்னும் எண்ணும் ‘இவ்விடத்துக்கு’ என்பதிலுள்ள ‘கு’ உருபின் பொருள் தரும் சொல்லும் ‘டூ’ என்றே ஒலிக்கும். 1989ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற போயிங் 747 விமானமொன்றுக்கு ‘டூ போர் சீரோ சீரோ’ வரை இறங்குமாறு கட்டளை வந்தது. கட்டுப்பாட்டாளர் கருதியது 2,400 அடி. விமானமோட்டி விளங்கிக்கொண்டதோ ‘400 அடிக்கு’ என்பது. அவர் நானூறு என்றே திருப்பிச் சொன்னார். அதனை எவரும் திருத்தவில்லை. தரை நெருங்குவதாக விமானத்திலிருந்த கருவி எச்சரித்ததும் பொருட்படுத்தப்படவில்லை. விமானம் குன்றொன்றின் சரிவில் மோதியது; அதிலிருந்த நால்வரும் மாண்டனர். 2,400 என்பதை ‘இரண்டாயிரத்து நானூறு’ என்று விரித்துக் கூறும் முறை கையாளப்பட்டிருந்தால் இம்மயக்கத்துக்கே இடமிருந்திராது.

ஒலி மயங்கியதால் நேர்ந்த கேடு இது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டும் பொருள் சென்று சேராத நிலை இதனினும் கொடியது. அதற்கு அடுத்த ஆண்டு நியூயோர்க்கில் நிகழ்ந்தது அதுவே.

1990ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி, கொலம்பியா நாட்டின் அவியங்கா நிறுவனத்துக்குரிய 52ஆம் இலக்க விமானம் பொகோட்டாவிலிருந்து மெடெயின் வழியாக நியூயோர்க்குக்கு வந்துகொண்டிருந்தது. அதில் 158 பேர் இருந்தனர். நியூயோர்க்கிற் காலநிலை சீர்கெட்டிருந்தமையால் வந்த விமானங்கள் யாவும் வானிலேயே வட்டமிட்டுக் காத்திருந்தன. அவியங்கா விமானம் மூன்று இடங்களில், மொத்தம் ஒரு மணி 17 நிமிடங்கள் வட்டமிட்டது. எரிபொருள் கரைந்துகொண்டே போயிற்று.

விமானத் தலைவருக்கு ஆங்கிலம் போதியளவு வராது. ஆகவே வானொலியிற் பேசியவர் துணை விமானமோட்டி. மேலும் தாமதமாகும் என்று கேட்டதும், தங்களுக்கு ‘பிரயோரிட்டி’, அதாவது முன்னுரிமை, தேவை என்றார். இன்னும் ஐந்து நிமிடம் வரையிலேயே காத்திருக்க முடியும் என்றும், மாற்று நிலையமாகிய பொஸ்ரனுக்கு இனிச் செல்ல இயலாது என்றும் தெரிவித்தார். ஆனால் ஒரு கட்டுப்பாட்டாளரிடமிருந்து அடுத்தவரிடம் விமானம் ஒப்படைக்கப்பட்டபோது, ஐந்து நிமிடக் கதை மட்டும் சென்றது. முன்னுரிமை கேட்டதும் பொஸ்ரனுக்குப் போக இயலாததும் சென்றடையவில்லை.

முதன்முறை தரையிறங்க முயன்றபோது பலத்த காற்று விமானத்தைக் கீழே தள்ளிற்று. ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாமையால் மீண்டும் மேலே எழவேண்டியதாயிற்று. நாம் அவசர நிலையில் இருக்கிறோமென்று அவர்களுக்குச் சொல் என விமானத் தலைவர் ஸ்பானிய மொழியிற் கட்டளையிட்டார். துணைவரோ கட்டுப்பாட்டாளர் கூறிய திசையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, மீண்டும் முயல்வோம், எரிபொருள் தீர்ந்துகொண்டு வருகிறது என்று மட்டுமே கூறினார். சொன்னாயா என்று தலைவர் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றார் துணைவர்.

நெடுநேரம் காத்திருந்த விமானங்கள் எல்லாவற்றிலும் அன்றிரவு எரிபொருள் குறைந்துகொண்டேயிருந்தது. ஆதலின் அவ்வாக்கியம் கட்டுப்பாட்டாளரின் காதிற் புதுமையாக ஒலிக்கவில்லை. விமானத்தை வடகிழக்கே 15 மைல் வரை கொண்டுசென்று திருப்பப் போவதாகவும், அது அவர்களுக்கும் அவர்களது எரிபொருளுக்கும் ஒத்துவருமா என்றும் அவர் கேட்டார். உயிர்தப்ப இருந்த கடைசி வாய்ப்பு அக்கேள்வி. ஒத்துவரும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்பது வந்த பதில். கட்டுப்பாட்டாளர் கோபமாக இருக்கிறார் என்று விமானப் பொறியாளர் தம்முள் கூறிக்கொண்டதும் ஒலிப்பதிவில் உள்ளது.

சில நிமிடங்களில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. லோங் ஐலண்டில் கோவ் நெக் என்னும் இடத்தில் விமானம் மலைச்சரிவில் வீழ்ந்தது. 73 பேர் இறந்தனர். 85 பேர் உயிர் தப்பினர். எரிவதற்கு எண்ணெய் இல்லாமையால் தீ மூளவில்லை.

ஆங்கில அறிவுக் குறைவே காரணம் என்று எளிதிற் சொல்லிவிடலாம், அது நீதியன்று. துணை விமானமோட்டி கூறிய வாக்கியங்களில் விளங்காதது எதுவுமில்லை. முன்னுரிமை என்பதே அவசரத்தைக் குறித்துவிடும் என்று அவர் நம்பியிருத்தல் கூடும். கட்டுப்பாட்டாளருக்கோ அச்சொல் எந்தக் கடமையையும் விதிக்கவில்லை. ‘மேடே’, ‘எமர்ஜென்சி’ என்னும் சொற்களே விதித்திருக்கும். பெரியவர்முன் மெல்லப் பேசு, குறையைத் தணித்துச் சொல் என்று பள்ளிக்கூடங்களிற் பழக்குகிறோம். அப்பழக்கம் அந்த அறையில் எவருக்கும் உதவவில்லை.

எரிபொருளை மேற்பார்வை செய்யாமையும், அவசர நிலையை அறிவிக்காமையும் விபத்துக்குக் காரணம் என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது. எரிபொருட் குறைவைக் குறிக்க யாவர்க்கும் பொதுவான திட்டமான சொற்கள் இல்லாமையையும் அது சுட்டிக்காட்டியது.

சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2008 மார்ச் முதல், சர்வதேசப் பறப்புகளில் ஈடுபடுவோருக்கு ஆங்கிலத் தேர்ச்சியில் ஆறு படிகளுள் நாலாவது படியையேனும் கட்டாயமாக்கியது. சொற்களுக்குத் திட்டம் வர 2012 ஆகிவிட்டது. ‘மினிமம் பியூவல்’ என்றால், இனித் தாமதம் கூடினால் ஒதுக்கிவைத்த எண்ணெயிற் கைவைக்க நேரிடும் என்பது பொருள்; அது எச்சரிக்கை மட்டுமே, முன்னுரிமை கேட்பதன்று. ஒதுக்கிய எண்ணெயே செலவாகும் நிலையில் ‘மேடே’ என மும்முறை கூறிப் ‘பியூவல்’ என முடிக்கவேண்டும். அது கேட்டவுடன் கட்டுப்பாட்டாளர் மற்ற விமானங்களை விலக்கி வழிவிடுவார்.